சாங்கியில் ஏறி நியூவார்க்கில் இறங்க எத்தனை மணி நேரம்?

பிப்ரவரி 3, 2025, திங்கள் – சென்னை

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே கழித்துப் பார்த்தால் கணக்கு தப்பும். இன்றிரவு 11.15க்கு சென்னையில் புறப்பாடு, நாளைக் காலை 6 மணிக்கு சிங்கப்பூர். கழித்தால் ஆறே முக்கால் மணி நேரம் வரும். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் உண்மையான பயணம் நாலேகால் மணி நேரம்தான். அடுத்த விமானத்தில் கதை தலைகீழ். நாளை இரவு 11.35க்கு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் மறுநாள் காலை 5.30க்கு நியூயார்க்கை ஒட்டியிருக்கும் நியூவார்க். பார்க்க ஆறு மணி நேரப் பயணம் மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் நியூயார்க் வட்டாரம் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதைக் கூட்டினால் 18 மணி 55 நிமிடம்.

இந்த 13 வருடம் முழுக்க 13ஆக இருக்காது. மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்போது வித்தியாசம் 12 மணி நேரம். சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. அந்த இரண்டு ஞாயிறுகளை ஒட்டிப் பயணம் செய்பவர்கள், மாதக்கணக்கில் முன்பே எடுத்த டிக்கெட்டாக இருந்தால், நேரத்தை மறுபடி ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும். இணைப்பு விமானத்துக்கு விட்டிருந்த இடைவெளி ஒரு மணி நேரம் சுருங்கிப் போயிருக்கலாம்.

இனி தூரம். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று தேடினால் கிடைக்கும் எண் பெரும்பாலும் பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி. உலக உருண்டை ஒன்றை எடுத்து, சிங்கப்பூரில் ஒரு நூலை விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க் வரை தொய்வில்லாமல் இழுங்கள். நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. நேராக வடக்கே ஏறும். தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா என்று போய், வட துருவத்திலிருந்து 230 கிலோமீட்டர் அளவில் தள்ளி உச்சியைக் கடந்து, கனடா வழியாக இறங்கும். இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் ஏறக்குறைய 180 டிகிரி எதிரெதிரே இருப்பதுதான் காரணம். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் இதை ஒருநாளும் பார்க்க முடியாது.

எண்ணாகவும் எளிதில் போட்டுப் பார்க்கலாம். பூமியின் மேல் ஒரு டிகிரி வளைவு என்பது 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாங்கிக்கும் நியூவார்க்குக்கும் நடுவே உள்ள வளைவு 138 டிகிரிக்கு ஒரு நூலிழை குறைவு. பெருக்கினால் 15,340ஐ ஒட்டி வரும். பூமி துருவப் பக்கம் சற்றுத் தட்டை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 15,344 கிலோமீட்டர். நியூயார்க்கின் இன்னொரு பெரிய நிலையமான கென்னடிக்கு 15,349. 2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கென்னடிக்கு நேர் விமானம் விட்டபோது, உலகிலேயே நீளமான பயணிகள் சேவை என்ற பெயர் இந்த ஐந்து கிலோமீட்டரில்தான் கைமாறியது.

சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னைக்கும் கென்னடிக்கும் பெருவட்டத் தூரம் 13,500 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. லண்டன் வழியாகப் போனால் இரண்டு கட்டமும் சேர்ந்து 13,800 அளவில் முடியும். துபாய் வழியாக 13,950. சிங்கப்பூர் வழியாகவோ 18,270. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். நேரம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு இது வழியே அல்ல. சிங்கப்பூரில் ஒரு நாள் தங்க வேண்டியவர்களுக்கும், இந்த நீண்ட பயணத்தையே அனுபவித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கும்தான் பொருந்தும்.

பிப்ரவரி 4, செவ்வாய் – சிங்கப்பூர்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர் சொச்சம். சக்கரம் தரையை விட்டது முதல் தொட்டது வரை 3 மணி 50 நிமிடம். டிக்கெட்டில் இருந்தது 4 மணி 15 நிமிடம். நடுவில் விழுந்த 25 நிமிடத்தில் குழப்பம் ஒன்றும் இல்லை. கேட்டைவிட்டு நகர்ந்த நொடியிலிருந்து அந்தப் பக்கம் கேட்டில் நிற்கும் நொடி வரைக்கும்தான் விமான நிறுவனங்கள் பயண நேரம் என்று போடுகின்றன. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு கேட்டைத் தேடிப் போவது எல்லாம் அதில் அடங்கும். நெரிசலான நிலையமாக இருந்தால் இதுவே 40 நிமிடத்தைத் தாண்டும்.

வாய்க்கணக்காக ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பெருவட்டக் கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, அதனுடன் 35 அல்லது 40 நிமிடம் கூட்டுங்கள். சிங்கப்பூர்–நியூவார்க்குக்குப் போட்டால் 18 மணி 40 நிமிடம் வரும். நியூயார்க்–லண்டனுக்கு ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வடக்குப் பகுதிகளில் கிழக்கு நோக்கிப் போனால் அரை மணி நேரம் குறையும். மேற்கு நோக்கிப் போனால் முக்கால் மணி நேரம் வரை கூடும். பூமத்திய ரேகைப் பக்கம், சென்னை–சிங்கப்பூர் மாதிரி வழிகளில், போகவும் வரவும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஜெட் ஸ்ட்ரீம் என்று சொல்லும் அந்தப் பலத்த மேல்காற்று இவ்வளவு தெற்கே வருவதில்லை.

காலை 6 மணிக்கு இறங்கி இரவு 11.35க்கு ஏற வேண்டும் என்றால் பதினேழரை மணி நேரம் கையில் இருக்கிறது. விமான நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்து அதைக் கழிக்கக் கூடாது. சாங்கியில் மெட்ரோ ஏறி அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. இரண்டு வெள்ளி சொச்சம். இங்கே டாலர் என்று தமிழர்கள் யாரும் சொல்வதில்லை, வெள்ளிதான், அதற்குக் கீழே காசு. ரயிலில் தமிழ் அறிவிப்பு கேட்கும்.

தேக்கா சந்தைக்குள் நுழைந்தபோது வெளியே தூறல், உள்ளே ஆப்பக் கடைப் புகை. கடைக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி, “என்ன தம்பி, ஏர்போர்ட்டிலிருந்து நேரா வர்றீங்களா? பையை இப்படி உள்ள தள்ளி வைங்க, மழைத்தண்ணி தெறிக்கும்.” ஆர்டர் எடுத்தது அதற்குப் பிறகுதான். இரண்டு தோசையும், தே தாரிக் என்று சொல்லும் இழுத்து ஆற்றிய பால் தேநீர் ஒன்றும் சேர்த்து ஆறு வெள்ளிக்குள் முடிந்தது. சந்தைக் கடைகளில் தட்டையும் தம்ளரையும் நாமே எடுத்துக்கொண்டு போய், அதற்கென்று இருக்கும் அடுக்கில் வைத்துவிட வேண்டும். அப்படியே விட்டுவிட்டு எழுந்தால் அபராதம் போட இங்கே சட்டம் உண்டு.

பதினெட்டு மணி நேரப் பயணத்துக்கு முந்தைய சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மதியம் வயிறு நிறையச் சாப்பிடலாம். இரவில் லேசாக நிறுத்துவது நல்லது. மேலே போனதும் கேபினில் அழுத்தம் குறையும், வயிற்றுக்குள் இருக்கும் காற்று விரியும். கொண்டைக்கடலை, பீன்ஸ், சோடா மூன்றும் அன்றைக்கு வேண்டாம். ஊறுகாய், அப்பளம் மாதிரி உப்பு ஏறியதைத் தவிர்த்தால் கால் வீங்குவது குறையும்.

இரவு கேட்டுக்குப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றது. ஏர்பஸ் ஏ350-900 வகையில் மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ரகம். உலகத்தில் மொத்தம் ஏழுதான் உண்டு, ஏழும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம். வெளித்தோற்றத்தில் சாதாரண ஏ350க்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். வித்தியாசம் எரிபொருள் அமைப்பில் இருக்கிறது. சாதாரண ரகத்தில் 1,41,000 லிட்டர் பிடிக்கும் இடத்தில் இதில் 1,65,000 லிட்டர். லிட்டருக்கு 800 கிராம் என்று வைத்தால் 132 டன். விமானம் தூக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடையே 280 டன். டேங்கை முழுக்க நிரப்பினால் கிளம்பும் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு எரிபொருள் மட்டுமே. அதனால்தான் மற்ற ஏ350களில் 250 பேருக்கு மேல் உட்காரும் உடலில் இங்கே 161 இருக்கைகள். பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையாது. மலிவான டிக்கெட் தேடி இந்த விமானத்துக்கு வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இதே வழியில் 2004 ஜூனிலேயே நேர் விமானம் ஓடியது. அப்போது ஓடியது நான்கு என்ஜின் ஏ340-500. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். வழி தெரியாமலோ பயணிகள் இல்லாமலோ அல்ல, நான்கு என்ஜின் குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2018 அக்டோபர் 11ஆம் தேதி இந்த இரண்டு என்ஜின் ரகம் வந்த பிறகுதான் சேவை மறுபடி தொடங்கியது. ஒரு சொட்டு எரிபொருளைப் பதினெட்டாவது மணி நேரம் வரை சுமந்து போவதற்கே முதல் மணி நேரங்களில் எரிபொருள் எரிக்க வேண்டியிருக்கிறது. நீண்ட தூர விமானத்தின் பாடு எல்லாம் இந்த ஒன்றில் அடங்கும்.

பிப்ரவரி 5, புதன் – வானத்தில்

கேட்டைவிட்டு நகர்ந்தபோது 11.50. தரையை விட்டபோது நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம். ஓடுபாதையில் நீண்ட ஓட்டம், எடை முழுக்க ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி நிதானமான ஏற்றம். முதலில் எட்டும் உயரம் அதிகம் இருக்காது. எரிபொருள் எரிந்து எடை குறையக் குறையத்தான் படிப்படியாக மேலே போக முடியும். இருக்கைத் திரையில் வரைபடத்தைத் திறந்து உயர எண்ணைக் கவனித்தால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாயிரம் அடி ஏறுவது தெரியும். கடைசிக் கட்டத்தில் 40,000 அடியை ஒட்டி வரும்.

திரையில் தெரிந்த வழி திங்கட்கிழமை சொன்ன நூல் காட்டிய வழி இல்லை. தென் சீனக் கடல், பிலிப்பைன்ஸ் பக்கம், ஜப்பானுக்குத் தெற்கே, அப்புறம் வட பசிபிக் முழுவதும், கனடாவின் மேற்குக் கரை, பெரிய ஏரிகள், நியூவார்க். துருவ வழியைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று. சேவை தொடங்கியபோது விமான நிறுவனமே பறக்கும் தூரம் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர் என்றுதான் அறிவித்தது. இன்று திரை காட்டியது 16,600 சொச்சம்.

இவ்வளவு சுற்றுவது ஏன்? காற்றுக்காக. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் உலகத்திலேயே பலமான மேல்காற்றுகளில் ஒன்று. மேற்கிலிருந்து கிழக்கே, மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். விமானம் காற்றுக்குள் ஓடும் வேகம் மாறுவதில்லை, ஒலியின் வேகத்தில் 85 சதவீதம், அதாவது மணிக்கு 900 கிலோமீட்டர் அளவு. காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரை வேகம் அதற்கு மேல் ஏறும். ஜப்பான் தாண்டியதும் திரையில் 1,130 வந்தது. எதிர்க்காற்றாக இருந்தால் இதே விமானத்துக்கு 700 கூடக் கிடைத்திருக்காது. ஆறு மணி நேரம் ஓடும் பாதையில் இந்த வித்தியாசத்தைப் பெருக்கிப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் சுற்று லாபமாக மாறுவது புரியும். பாதையை ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். நேற்றுப் போன வழியிலேயே இன்றும் போகும் என்று சொல்ல முடியாது.

காற்றுக்குள் நுழையும் விளிம்பிலும் வெளியே வரும் விளிம்பிலும் குலுக்கல் இருக்கும். இன்று நாற்பது நிமிடம் விடாமல் குலுக்கியது. நடுவரிசையில் ஒரு வயதான சீன அம்மா தன் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். பக்கத்து இருக்கைப் பையன், யார் எவர் என்று தெரியாது, கோப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, குலுக்கல் நின்றதும் திருப்பிக் கொடுத்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மா தன் பழத்தட்டில் பாதியை அவன் பக்கம் தள்ளினார்.

வெளிச்சத்தின் கணக்கு இந்தப் பயணத்தில் விசித்திரமானது. புறப்பட்டு நாலரை மணி நேரத்தில் விடிந்தது. அது பிப்ரவரி 5இன் காலை. ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று முன் தேதிக்கோட்டைக் கடந்ததும் நாள்காட்டி பிப்ரவரி 4 நண்பகலுக்குத் திரும்பியது. பதினோராவது மணி நேரத்தில் அதே 4ஆம் தேதிச் சூரியன் பின்னால் விழுந்தது. மொத்தப் பகல் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். மிச்சம் எல்லாம் இரவு. செவ்வாய்க்கிழமை மாலையை ஒருமுறை சிங்கப்பூரிலும் ஒருமுறை பசிபிக்குக்கு மேலும் பார்த்தாகிவிட்டது.

தூக்கத்தை இந்த வெளிச்சத்தோடு சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். ஏறியதும் தூங்கத் தோன்றும், சிங்கப்பூரில் நள்ளிரவு என்பதால். நியூயார்க்கில் அப்போது காலை 11 மணி. முதல் சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து மணி நேரம் ஒரு தூக்கம், பகல் வந்ததும் விழித்திருப்பது, சூரியன் விழுந்ததும் இரண்டாவதாக ஒரு நாலு மணி நேரம். இரண்டாவது தூக்கம்தான் முக்கியம். நியூயார்க்கின் இரவு அதுதான். அதைப் படம் பார்த்துத் தொலைத்துவிட்டால் அடுத்த மூன்று நாளும் மதியம் இரண்டு மணிக்குக் கண் சொருகும்.

கேபின் காற்று வறண்டது. ஏ350இல் உள்அழுத்தத்தை 6,000 அடி மலை ஒன்றின் மேல் இருப்பது போல வைத்திருக்கிறார்கள், பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். தலைவலி குறைவதற்கு இது ஒரு காரணம். ஈரப்பதம் மட்டும் எந்த விமானத்திலும் குறைவுதான். காலி பாட்டிலைப் பாதுகாப்புச் சோதனை தாண்டி எடுத்துவந்தால் பணியாளர்கள் மறுக்காமல் நிரப்பிக் கொடுப்பார்கள். மூக்குக்கு உப்புநீர் சொட்டு, உதட்டுக்குக் கொஞ்சம் வாசலின். தேங்காய் எண்ணெய் ஏசி குளிரில் உறைந்துவிடும், திறக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து கடைசிவரை நடந்துவிட்டு வருவது, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, இவை ரத்தம் கட்டாமல் இருக்க. ஏற்கனவே காலில் ரத்தக்கட்டு வந்தவர்களும், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் இந்த விமானத்தில் ஏறக் கூடாது.

சக்கரம் தொட்டது நியூவார்க் நேரம் 4.45. காற்றில் இருந்தது 17 மணி 35 நிமிடம்.

பிப்ரவரி 5, அதே புதன் – நியூவார்க்

இமிகிரேஷனில் வரிசை இல்லை. விடியற்காலையில் வந்து சேரும் விமானத்தின் வசதி இது. வசதிக்குப் பின்னால் ஒரு தொந்தரவும் இருக்கிறது. ஓட்டல் அறை மதியம் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பத்து மணி நேரம் எங்கே உட்காருவது? முந்தைய இரவையும் சேர்த்துப் பதிவு செய்தால் ஒரு நாள் வாடகை கூடுதல். இல்லையென்றால் பையை ஓட்டலிலேயே ஒப்படைத்துவிட்டு வெயிலில் சுற்றலாம். வெயில் என்று எழுதினாலும் வெளியே உறைநிலையை ஒட்டிய குளிர். ஆனாலும் உடம்புக் கடிகாரம் திரும்புவதற்கு பகல் வெளிச்சம் முகத்தில் படுவதைப் போல எதுவும் உதவாது.

சுங்கத்தில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பருப்புப்பொடி, முறுக்கு, காபித்தூள் எதுவும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கறிவேப்பிலைக் கொத்து, பழம், கருவாடு தவிர்ந்த இறைச்சி வகைகள் போகாது. சொல்லிவிட்டால் எடுத்துக் குப்பையில் போடுவதோடு முடியும். மறைத்து மாட்டினால் அபராதம்.

நியூவார்க்கிலிருந்து மன்ஹாட்டனுக்கு ரயில், அப்போது பதினாறு டாலர் அளவில் இருந்தது. ரயில் பெட்டியில் பையை மேலே தூக்க முடியாமல் நின்ற பயணியிடம் கட்டட வேலை உடுப்பில் இருந்த ஒருவர் எதுவும் கேட்காமல் தூக்கி வைத்துவிட்டு, காதுக்கருவியை மறுபடி மாட்டிக்கொண்டார். இந்த ஊர் மனிதர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பார்கள். பேசாமல் செய்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி – குவீன்ஸ்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஃபிளஷிங்கில் பௌன் தெருப் பிள்ளையார் கோயில், கீழ்த்தளத்தில் கேன்டீன். சாம்பாரில் முருங்கைக்காய், சட்னியில் நிஜத் தேங்காய். மூன்றாவது நாளாக மாலை நான்கு மணிக்குக் கண் இழுக்கிறது. நேர வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் என்று உடம்பு எடுத்துக்கொள்ளும் என்பார்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் என்றால், நாலு நாள் பயணத்தில் அது சரியாகும் முன்பே திரும்பிவிடுவோம்.

பிப்ரவரி 8, சனி – கென்னடி விமான நிலையம்

திரும்பும் விமானம் கென்னடியிலிருந்து இரவு 10.30க்கு. மாலையில் பனி தொடங்கியது. சப்வே அப்போது 2.90 டாலர், ஜமைக்கா என்ற நிலையத்தில் மாறி, விமான நிலையத்துக்குப் போகும் ஏர்ட்ரெயின் எட்டரை டாலராக இருந்தது. கார் பிடித்தவர்கள் பலர் சாலையில் மாட்டிக்கொண்டார்கள்.

எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு கதவு மூடியது, விமானம் நகரவில்லை. இறக்கையில் பனி படிந்திருந்தால் கிளம்பக் கூடாது. மெல்லிய படலம்கூட இறக்கையின் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கித் தூக்கு விசையைக் குறைத்துவிடும். முழு எடையோடு கிளம்பும் விமானத்துக்கு அந்தக் குறை தாங்காது. கிரேன் வைத்த லாரி ஒன்று இறக்கைக்குப் பக்கத்தில் வந்தது. முதலில் சூடான ஆரஞ்சு நிறத் திரவம், பீய்ச்சி அடித்துப் பனியைக் கரைப்பதற்கு. அடித்த இடத்தில் ஆவி பறந்தது, ஜன்னல் கண்ணாடியில் ஆரஞ்சுத் தாரை வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கெட்டியான பச்சைத் திரவம், பாகு மாதிரி இறக்கை மேல் தங்கிப் புதுப் பனி ஒட்டாமல் பார்த்துக்கொள்வதற்கு. விமானம் ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது இந்தப் பச்சை தானாகவே வழிந்து போய்விடும்.

பச்சைக்கு ஆயுள் உண்டு. பனி எவ்வளவு கனமாக விழுகிறது, குளிர் எத்தனை டிகிரி என்பதைப் பொறுத்து அட்டவணை சொல்லும் நேரம் வரைதான் பாதுகாப்பு. அதற்குள் கிளம்ப முடியாவிட்டால் திரும்ப அடிக்க வேண்டும். இன்று இரண்டு முறை அடித்தார்கள். நீண்ட தூர விமானத்துக்கு இது மற்றதைவிடப் பெரிய தலைவலி. பைலட்டுகள் நாலு பேர் மாறி மாறி ஓய்வெடுத்தாலும், அவர்களுடைய வேலை நேர வரம்பு வேலைக்கு வந்த நேரத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், தரையை விட்ட நேரத்திலிருந்து அல்ல. பதினெட்டு மணி நேரப் பறப்பை உள்ளே வைத்த வரம்பில் தரையில் வீணாக்க மிச்சம் அதிகம் இருக்காது. தாண்டினால் விமானம் அன்றைக்குப் போகாது. காத்திருக்கும் நேரத்தில் என்ஜின் ஓடினால் எரிபொருளும் போகும், அதையும் மறுபடி நிரப்பக் கேட்டுக்குத் திரும்ப நேரலாம்.

தண்ணீரும் பிஸ்கட்டும் வந்துகொண்டிருந்தன. எத்தனை நிமிடம் ஆகும் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிபெருக்கியில் சொன்னதால் யாரும் கத்தவில்லை. தகவல் வராத இடத்தில்தான் பயணிகள் பொறுமை இழப்பார்கள். தரையை விட்டபோது நள்ளிரவு தாண்டி 12.15.

பிப்ரவரி 9, ஞாயிறு. பிப்ரவரி 10, திங்கள் – மறுபக்கம் சுற்றி

வந்த வழியே திரும்பவில்லை. பசிபிக்கில் நம்மைத் தள்ளிய அதே காற்று இப்போது எதிரே நிற்கும் என்பதால் அட்லாண்டிக் பக்கம் கிளம்பியது. கிழக்கே போய் சிங்கப்பூரில் இறங்கி, கிழக்கே போய் நியூயார்க்கில் இறங்கி, மறுபடி கிழக்கே போய் சிங்கப்பூர். முழு உலகத்தையும் ஒரே திசையில் சுற்றியாகிவிட்டது. அதற்கு விலையாக நாள்காட்டியில் ஒரு தேதி காணாமல் போனது மாதிரி இருக்கும். சனி இரவு ஏறியவர்கள் திங்கள் காலை இறங்குவார்கள். ஞாயிறு என்பது ஐரோப்பாவுக்கு மேலே சில மணி நேர வெளிச்சம் மட்டும்.

அட்லாண்டிக் நடுவில் விடிந்து, மேற்கு ஆசியாவுக்கு மேலே இருட்டியது. பிறகு அரபிக் கடல், இந்தியா, வங்காள விரிகுடா. திரையில் சென்னையின் பெயர் ஜன்னலுக்கு அருகிலேயே வந்து கடந்து போனது. ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டு, 2,900 கிலோமீட்டர் தாண்டிப் போய், மறுபடி அதே 2,900 திரும்பி வர வேண்டும். முதல் நாள் போட்ட 18,270 கணக்கு உடம்பில் உறைப்பது இந்த இடத்தில்தான்.

சிங்கப்பூரில் இறங்கியது காலை 7.05. காற்றில் 17 மணி 50 நிமிடம். சென்னைக்கான இணைப்பு விமானத்துக்கு மிச்சம் இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மனிதர்கள் ஓடிப் பிடித்துவிடலாம். பைகள் ஓடாது. நீண்ட தூர விமானத்தின் வயிற்றிலிருந்து இறக்கி, பிரித்து, அடுத்த விமானத்தில் ஏற்ற அந்த நேரம் போதாது. குளிர்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் சாங்கியில் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி வைத்து எடுப்பது நல்லது.

சென்னையில் பெல்ட் நின்றது, பை வரவில்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டு வெளியே போய்விடக் கூடாது. சுங்கத்தைத் தாண்டும் முன்பே, பெல்ட் பக்கத்தில் இருக்கும் லக்கேஜ் கவுன்டரில் புகார் எழுதிச் சீட்டு வாங்க வேண்டும். அதில் பத்து எழுத்து கொண்ட எண் இருக்கும். மூன்று எழுத்து விமான நிலையக் குறியீடு, இரண்டு எழுத்து நிறுவனக் குறியீடு, ஐந்து இலக்கம். அந்த எண் இல்லாமல் பிறகு யாரும் தேடித் தர மாட்டார்கள். பையின் நிறம், சக்கரம் எத்தனை, கைப்பிடி எப்படி என்பதற்குப் போனில் ஒரு படம் இருந்தால் ஐந்து நிமிட வேலை. போர்டிங் பாஸில் ஒட்டிக் கொடுத்த சின்ன லக்கேஜ் துண்டைப் பயணம் முடியும் வரை கிழிக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான். தாமதமான பைக்கு இழப்பீடு கேட்க, பை கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம். உடைந்து வந்தால் 7 நாள். இரண்டையும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய் – சென்னை

பை மதியம் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்த பையன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “தண்ணி குடுங்க சார்” என்று நின்று குடித்துவிட்டுப் போனான். கைப்பிடியில் மூன்று நிலையக் குறியீடு போட்ட நீள டேக் அப்படியே இருந்தது. ஜிப் ஓரத்துத் துணி இன்னும் ஈரம். கென்னடியில் ஏற்றும்போது மேலே விழுந்த பனி, திறந்த வெளியில் காத்திருந்த வண்டியில் படிந்து, பதினெட்டு மணி நேரக் குளிர்ந்த சரக்கறையிலும் சாங்கியின் இரவிலும் காயாமல் வந்து சேர்ந்திருந்தது. துணிகளை எடுத்து மொட்டை மாடியில் போட்டதும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.